கந்தோர்க்காரர் வீட்டு முற்றம்

ஒஸ்லோவில் ஞானரட்ணம் முழங்காலில் நிற்காத தெருக்கள் குறைவு. செபம் சொல்ல அல்ல, கல் பதிக்க. பேசாலையிலிருந்து வந்து, நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் விறைத்துவிட்டு, ஒஸ்லோவுக்கு இறங்கிய நாள்முதல் அதுதான் தொழில். பதினைந்து வருடத்தில் அவர் பதித்த கல் ஒன்றாவது பனியில் நிலம் உறைந்து எழும்பியதாகப் பேச்சில்லை. அந்தப் பெருமையைச் சொல்லத்தான் அவருக்கு ஆளில்லை.

மனைவி மக்டலீன், கோயிலில் யார் கேட்டாலும், "இவர் கொமுன் கந்தோரிலை" என்பாள். நகரசபை அலுவலகத்தில் மேசை உத்தியோகம் என்று அதற்கு அர்த்தம். முதல்தரம் வாய்தவறி வந்தது. பிறகு அந்தப் பொய்க்கு ஞானஸ்நானமும் கொடுத்து வளர்த்துவிட்டாள். வீட்டு ஹோலில் உளியோடு நிற்கும் சூசையப்பர் சிலைக்கு நாள் தவறாமல் மெழுகுதிரி கொளுத்துவாள். தச்சனைக் கும்பிடலாம், கல் பதிக்கிறவனுக்குப் பெண்சாதியாக இருப்பதுதான் வெட்கம்.

ஒஸ்லோவின் குரோருட் தொடர்மாடியில் இருந்தவர்கள், 2005இல் பியோர்ண்டாலில் வரிசை வீடு ஒன்று வாங்கினார்கள். பின்பக்கம் வெறும் களிமண். மகள் எமிலியா, கூடப் படித்த தமிழ்ப் பெடியன் ஆன்ட்ரியாஸை விரும்பியிருந்தாள். அவனுடைய தாய் தகப்பன் பேர்கனிலிருந்து அடுத்த உயிர்த்த ஞாயிறுக்கு வந்து சம்பந்தம் பேசுவதாக ஏற்பாடு. அதற்குள் பின்முற்றத்துக்குத் தளம் போட வேண்டும்.

ஞானரட்ணத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நகரம் முழுக்கப் பதித்தவருக்குத் தன் வீட்டில் பதிக்க ஒரு துண்டு நிலம். "இது எங்கடை அப்பா போட்டது" என்று மகள் நாலு பேருக்கு முன்னால் ஒருநாள் சொல்வாள். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கருங்கல் துண்டொன்று, சிலேட்டுக் கல்லொன்று, மக்டலீன் ஆசைப்பட்ட வெள்ளை ரைல்ஸ் ஓடு ஒன்று, மூன்றையும் தண்ணீரில் ஊறவைத்துக் குளிர்ப்பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கிழமை விறைக்க வைப்பதும் இளக வைப்பதுமாக இருந்தார். கருங்கல் அசையவில்லை. சிலேட்டு விளிம்பில் கொஞ்சம் உதிர்ந்தது. ரைல்ஸின் மினுக்கம் தோலாக உரிந்தது. மேசையில் பரப்பிக் காட்டினார்.

"பெட்டிக்குள்ளை வைச்சால் எதுவும் வெடிக்கும்தானே," என்றாள் மக்டலீன். "மீன் முழுக்க மண்."

"களிமண்ணைத் தோண்டி எடுத்து, சல்லி நிரப்பி, வீட்டுச் சுவரிலையிருந்து தண்ணி ஓட வாட்டம் வைச்சுக் கருங்கல் பதிக்கிறன். எங்கடை பேரப்பிள்ளையளும் அதிலை விளையாடலாம்."

"நீங்கள் முழங்காலிலை நிண்டு கல்லு அடிக்கிறதை அயலட்டைத் தமிழ்ச்சனம் பாக்கோணுமே? நாளைக்கே பேர்கனுக்குக் கதை போயிடும். நான் கந்தோர் எண்டெல்லோ சொல்லியிருக்கிறன்!"

"உண்மையைச் சொல்லிவிடு."

"மகளின்ரை சம்பந்தம் குழம்பினால் நீங்கள் பொறுப்போ?"

எமிலியா படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தகப்பன் நிமிர்ந்து பார்த்ததும் மேலே ஏறிப் போய்விட்டாள். முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பது சும்மாவா?

செப்டெம்பரில் அவர் வேலைக்குப் போயிருந்த இரண்டு நாளில் மக்டலீன் காரியத்தை முடித்துவிட்டாள். குளியலறைகளுக்கு ரைல்ஸ் ஒட்டுகிற ஒருவர் வந்து, களிமண்ணின்மேல் கொங்கிறீற்றை ஊற்றி, வெள்ளை ரைல்ஸை ஒட்டிவிட்டுப் போனார். வாட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கண்ணாடிபோல மினுங்கியது. மக்டலீன் சனிக்கிழமை தோறும் ஊரில் செய்வதுபோல வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், நவம்பர் பிறந்த பிறகும். ஒவ்வொரு வாளியும் இடுக்குகளுக்குள் இறங்குவதை ஞானரட்ணம் சமையலறை யன்னலால் பார்த்தார். "ஊத்தாதை" என்று இரண்டுதரம் சொன்னார். "ஊத்தையோடை விடச் சொல்லுறியளோ?" என்று அவள் கேட்டாள். அவர் யன்னல் திரையை இழுத்து விட்டார்.

ஏப்ரலில் பனி கரைந்தபோது தளம் நடுவில் வயிறு வைத்திருந்தது. பாதி ரைல்ஸ் கழன்று கிடந்தது, மிச்சம் பிளந்திருந்தது. மக்டலீன் மேலே பாய் விரித்து மூடினாள்.

ஆன்ட்ரியாஸின் தகப்பன் நீக்கிலாப்பிள்ளை பேர்கனில் ஆஸ்பத்திரிக் கந்தோர் ஒன்றில் வேலை செய்பவர், கெட்டவரில்லை. உயிர்த்த ஞாயிறன்று தேத்தண்ணிக் கோப்பையோடு பின்பக்கம் வந்தவர் பாயில் கால் வைத்தார், கீழே டொக்கென்று உடைந்தது. பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன கோலம்? ஆர் போட்டது?"

ஞானரட்ணத்தால் பொறுக்க முடியவில்லை. தன்னையறியாமல் முழங்காலில் இறங்கிவிட்டார். பிளந்த ரைல்ஸைக் கையில் எடுத்து, தண்ணீர் எப்படி உள்ளே போனது, கீழே களிமண் எப்படி அதைப் பிடித்து வைத்தது, குளிர் நிலத்துக்குள் இறங்க இறங்க அது பனிக்கட்டியாகி எப்படித் தளத்தையே முதுகில் தூக்கியது என்று விரலால் கீறிக் காட்டினார். அவர் இவ்வளவு கதைத்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆன்ட்ரியாஸ்கூடக் குனிந்து கேட்டான்.

"அருமையாய்ச் சொல்லுறியள்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "கந்தோரிலை இருக்கிற ஆளுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

மக்டலீனின் முகம் வெளிறிப்போனது. ஞானரட்ணம் அவளைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார். சொல்லு பிள்ளை, நீ சொன்னால் போதும்.

எமிலியா சிரித்தாள். "அப்பா எந்த நேரமும் நெட்டிலை வாசிக்கிறவர் மாமா. அவருக்கு அது ஹொபி."

கையிலிருந்த ரைல்ஸை அவர் மெல்லக் கீழே வைத்தார். எழும்பி, தடித்துப்போன இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஓம்," என்றார். "வாசிச்சனான்."

"அப்ப உந்த வேலையை ஒரு நோர்வேக்காரனிட்டைக் குடுத்துச் செய்யுங்கோ. எங்கடை ஆக்களுக்கு உது சரிவராது," என்றார் நீக்கிலாப்பிள்ளை. மக்டலீன் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

யூன் மாதம் நோர்வேக்காரர் இருவர் வந்தார்கள். கருங்கல்தான் கொண்டுவந்தார்கள். மக்டலீன் அவர்களுக்குக் கோப்பியும் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஞானரட்ணம் விடுப்பு எடுத்துக்கொண்டு சமையலறை யன்னலில் நின்றார். தோண்டிய ஆழம் அவர் தோண்டக்கூடியதில் பாதிதான். சல்லிக்குக் கீழே களிமண் அப்படியே கிடந்தது. இது எழும்ப மூன்று குளிர்காலம் போதும் என்று அவர் கண்ணால் அளந்தார்.

"வடிவாய்ச் செய்யினம், என்னப்பா?" என்றாள் எமிலியா, பின்னால் வந்து நின்று.

"ஓம் பிள்ளை," என்றார். "நல்ல வேலைக்காரர்."