அத்தா மூழ்கடிக்காத நீர்மூழ்கி

சுதந்திர தினத்துக்கு எங்கள் ராயபுரம் தெருமுனையில் வைத்த பிளெக்ஸில் அத்தா கடற்படை அதிகாரியாகியிருந்தார். மார்பில் நாலு பதக்கம், கையில் பைனாகுலர், பின்னால் மாபெரும் இரும்புக் கப்பல், அதன் உச்சியில் தேசியக் கொடி. கீழே, 'எதிரியின் நீர்மூழ்கியை மூழ்கடித்த எங்கள் தெருச் சிங்கம்'. அத்தா இறந்து முப்பது வருஷமாகிறது. உயிரோடு இருந்திருந்தால் இதைப் பார்த்ததும் போயிருப்பார்.

அத்தா பண்டாரி. இரண்டாம் உலகப்போரில் இந்தத் துறைமுகத்திலிருந்து ரோந்து போன ஒரு சின்ன மரப்படகில் சமையல் செய்தவர். இரும்பெல்லாம் பெரிய கப்பல்களுக்குப் போய்விட்டதால், பலகையை அடித்துப் படகாக்கி, பீப்பாய் பீப்பாயாகக் குண்டை ஏற்றி, நீர்மூழ்கியைத் தேடிப்பிடியுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அதில் பறந்த கொடியும் வெள்ளைக்காரனுடையது. எங்கள் வீட்டிலிருந்த ஒரே போட்டோவில் அத்தாவின் கையில் இருந்தது கரண்டி. அதை அழித்துவிட்டுத்தான் பிளெக்ஸ் கடைக்காரர் பைனாகுலரைக் கொடுத்திருந்தார்.

"கரண்டியையாவது திருப்பிப் போடுப்பா" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கரண்டில இன்னா மாமு கெத்து கீது? பிரியாணிக் கடை விளம்பரம் மாதிரி பூடும்" என்றார்.

உண்மையில் நடந்தது இது. ஒருநாள் காலை எண்ணூருக்கு வெளியே போய்க்கொண்டிருந்தபோது, தண்ணீருக்கடியில் கேட்கும் கருவியைக் காதில் மாட்டியிருந்த சிப்பாய், கீழே ஏதோ உறுமுகிறது என்றார். படகை நடத்திய வெள்ளைக்காரத் துரை குண்டைத் தயார் செய்யச் சொன்னார். அத்தா அடுப்படியிலேயே படகின் பலகையில் காதை வைத்துக் கேட்டார். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, அதன் காம்பில் காதை வைத்து மீன்கூட்டம் எங்கே என்று சொல்கிறவர்கள் எங்கள் கரையில் உண்டு. சின்ன வயதில் அத்தா அவர்களோடு திரிந்தவர். கையில் கரண்டியோடு மேலே ஓடி, "துரை, அது கத்தாழை மீனு. கூட்டமா வந்தா இப்படித்தான் கத்தும்" என்றார்.

சமையல்காரன் பேச்சைக் கேட்டு எந்தச் சர்க்கார் போர் நடத்தியிருக்கிறது? குண்டு விழுந்தது. படகைச் சுற்றிக் கத்தாழை வெள்ளை வெளேரென்று மிதந்தது. துரை படகின் குறிப்பேட்டை எடுத்துவரச் சொன்னார். பிறகு, 'நீர்மூழ்கி ஒன்று மூழ்கியிருக்கலாம்' என்று எழுதிக்கொண்டு, மீனை வறுக்கச் சொன்னார். அந்தப் போரில் அத்தா செய்த சேவை, சாட்சிகள் அத்தனை பேருக்கும் மசாலா தடவிப் பொரித்ததுதான்.

இதைத்தான் ஊர் திரும்பியும் சொன்னார். கதை விடுகிறான் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்; மீனாவது உறுமுவதாவது, நிஜத்தில் அது நீர்மூழ்கியாகத்தான் இருந்திருக்கும். அதனால் எட்டு வயதில், அப்பா போரில் என்ன செய்தார் என்று வகுப்பில் வாத்தியார் கேட்டபோது, "சப்மரீனை முழுகடிச்சாரு சார்" என்றேன். வாத்தியார் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் அத்தாவிடம் காசு வாங்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்த அத்தா என்னை அடிக்கவில்லை. "ஏண்டா, மீனுன்னு சொன்னா கேவலமா?" என்றார். பிறகு, "நீயாச்சும் நம்புறியாடா?" என்று கேட்டார்.

"நம்புறேன் அத்தா" என்றேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை யாரிடமும் அவர் சொல்லவில்லை. என் பொய்தான் தெருவில் தங்கி, வளர்ந்து, இன்று பதக்கம் குத்திக்கொண்டு நின்றது.

விழா மேடையில் என்னையும் ஏற்றினார்கள். இந்த வயதிலாவது சொல்லிவிட வேண்டும் என்று மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். "அது மீன்தான். பொய் சொன்னது நான். எங்கத்தா இல்ல" என்று முடித்தேன்.

உடனே பலத்த கைதட்டல். விழாக்குழுத் தலைவர் மைக்கைப் பிடுங்கி, "இன்னா தன்னடக்கம் பாத்தீங்களா! வீரத்த மறைக்கிற குடும்பம்பா இது!" என்று எனக்குச் சால்வை போர்த்தினார். அத்தாவுக்கு அன்று படகில் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

கீழே இறங்கினேன். எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மா, காலிக் கூடையோடு ஓரமாக நின்றிருந்தார்.

"ஏன் நைனா, அந்தச் சத்தம் தவள கத்துறாப்பல இருந்துச்சுன்னா சொன்னாரு?"

"ஆமாம்மா. குடத்துக்குள்ள தவளை மாதிரின்னு சொல்வாரு."

"அப்போ கத்தாழதான். இதுல நம்பாம போறதுக்கு இன்னா கீது?" என்று சொல்லிவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சால்வையோடு நின்று அழுதேன். மேடையில் சொன்னபோதுகூட என் மனதின் ஒரு மூலையில் ஒரு நீர்மூழ்கி மூழ்கிக்கொண்டுதான் இருந்தது. அத்தாவை முழுசாக நம்பிய முதல் ஆள் அந்த அம்மாதான். அந்த இடம் இத்தனை வருஷமும் எனக்காகக் காலியாக இருந்தது.