முதலில் அழி, பிறகு மாட்டு

அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். விற்பனைப் பிரிவில் இருந்தவரைத் தூக்கி எங்கள் சர்வர் பிரிவுக்கு மேனேஜராகப் போட்டிருந்தார்கள். நான் ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தேன். நிரந்தர வேலைக்கு என் பேரை எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர்தான், அதனால் அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் பாடம் நடந்தது. "தம்பி, மீட்டிங்ல இவனுங்க பேசறது ஒண்ணும் புரியலலா. சுருக்கமா சொல்லு" என்றார்.

சொன்னேன். ஒரு பக்கம் சர்வர்கள், இன்னொரு பக்கம் டிஸ்க் அலமாரி, நடுவில் சுவிட்ச். சர்வருக்கு வெட்டிக் கொடுக்கும் டிஸ்க் துண்டுக்கு லன் என்று பேர். எந்த சர்வர் எந்த அலமாரியைப் பார்க்கலாம் என்று சுவிட்சில் எழுதி வைப்பது ஜோனிங். தாமான் குடியிருப்பு வாசலில் நிற்கும் செக்யூரிட்டி கார்டு கையில் வைத்திருக்கும் பட்டியல் மாதிரி, பேர் இல்லாதவனை உள்ளே விடமாட்டான். இரண்டு சுவிட்சைக் கேபிளால் சேர்த்தால் இரண்டும் ஒரே ஃபேப்ரிக், அதாவது ஒரே வலை. அதன் பிறகு பட்டியலும் ஒன்றுதான், ஒன்றில் அழித்தால் இரண்டிலும் போய்விடும்.

"அதனால பழைய சுவிட்ச சேர்க்கிறப்ப மொதல்ல அதுல உள்ளத அழிக்கணும், அப்புறம்தான் கேபிள். மாத்திச் செஞ்சா தொலஞ்சோம் அண்ணே."

எல்லாவற்றையும் போனில் தட்டிக்கொண்டார்.

சில வாரம் கழித்து மேருவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனோம். புது சர்வர்களை மாட்ட அங்கிருந்த சுவிட்சில் இடம் போதாமல், வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்த பழைய சுவிட்ச் ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதை ரேக்கில் பொருத்திய நேரம் பார்த்து, உள்ளே வரும் பாஸில் ஏதோ குளறுபடி என்று வாசல் கார்டு போஸ்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "கேபிள தொடாதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தால், அண்ணன் தொழிற்சாலை ஆட்கள் இரண்டு பேரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பைத் திறந்து அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். ரேக்கின் பின்பக்கம் போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, அது என் தப்பு. அந்த இரண்டு பேர் முன்னால் கெத்து காட்ட அவர் கேபிளை மாட்டியிருந்தார்.

ஓடிக்கொண்டிருந்த அத்தனை சர்வருக்கும் டிஸ்க் மறைந்தது. சரக்கு ஏற்ற முடியாமல் லோரிகள் வாசலில் நின்றன. பட்டியலைத் திரும்ப எழுதி முடிக்கச் சாயங்காலம் ஆனது. எழுதியது நான்தான்.

விசாரணை எங்கள் பூச்சோங் ஆபீசில். டைரக்டர் முன்னால் அண்ணன் ஆங்கிலத்தில் பிசிறில்லாமல் பேசினார். லன், ஜோனிங், ஃபேப்ரிக், எதிலும் தடுமாறவில்லை. கேபிள் மாட்டியிருப்பதைப் பார்க்காமல் நான் அழித்துவிட்டதாகச் சொன்னார். மாட்டியது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

"மாட்டியது இவர்" என்றேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். யார் என்ன கட்டளை கொடுத்தார் என்று சுவிட்ச் எழுதி வைக்கும் பதிவை டைரக்டர் என் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டளைக்குப் பக்கத்தில் என் பேர் இருந்தது. கேபிளுக்குப் பக்கத்தில் யார் பேரும் இல்லை.

டைரக்டர் கோபப்படவில்லை. "ஜோனிங்னா என்னன்னு உனக்கு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். அடுத்து வருகிற ஆளுக்காவது நீங்களே உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள் என்று டைரக்டர் அண்ணனிடம் சொன்னார்.

"ஷுவர் பாஸ்" என்றார் அண்ணன்.