ஐஸ் கொம்பனி முதலாளி

போர்நிறுத்தம் வந்து, ஊருக்குப் போகும் பாதைகள் திறந்திருந்த காலம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மொன்றியல் பக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்தார். வெளிநாட்டுத் தமிழர் வடக்கில் முதலிட வேண்டும், பத்து வருடத்துக்கு வரி இல்லை என்றார். வரி கட்டுமளவுக்கு நான் எங்கும் உழைத்ததில்லை. ஆனாலும் கை தட்டினேன். கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரித் தரை துடைப்பவன், இரவல் கோட்டோடு முன்வரிசையில் இருந்து, படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'முதலீட்டாளர்' என்று எழுதினேன். பேனையும் இரவல்தான்.

மன்னாரில் மீன் இருந்தது, ஐஸ் இல்லை. மொன்றியலில் சனம் ஐஸின் மேல் சறுக்கி விளையாடியது. பழைய ஐஸ் ஹொக்கி அரங்கு ஒன்று கழித்த குளிரூட்டும் இயந்திரத்தை, கூட வேலை செய்த மூவரோடு சேர்ந்து வாங்கினேன். காலுக்குக் கீழே உறைவது மீனுக்குக் கீழே உறையாதா என்பது என் பொறியியல்.

உள்ளூரில் வசிக்கும் பங்காளி ஒருவர் வேண்டும் என்பது நிபந்தனை. என் தம்பி மனைவி பிள்ளைகளோடு தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்தான். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் அவர்களைக் கனடாவுக்கு எடுக்க விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை மட்டுமே மிச்சம்.

"இஞ்ச வந்து என்ன செய்யப்போறாய்? என்னை மாதிரித் துடைக்கப்போறியோ?" என்று தொலைபேசியில் கேட்டேன். "மன்னாருக்குப் போ. முதலாளியா இருப்பாய்."

"சண்டை திரும்ப வராதோ அண்ணை?"

"பெரிய கொம்பனிக்காரரே காசு போடுறாங்கள். அவங்களுக்குத் தெரியாததோ உனக்குத் தெரியும்?"

கொம்பனிக்காரர் என்று நான் சொன்னது எங்கள் நாலு பேரையும்தான்.

பங்குச் சுவாமியார் இரண்டு தரம் கேட்டார். தம்பி வரவில்லை என்று நானே சொன்னேன். தம்பிக்கு வைத்திருந்த இடத்துக்கு வந்த குடும்பம் இப்போது இங்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில் இருக்கிறது. பூசை முடிய அந்த மனிதர் என் கையைப் பிடித்து நன்றி சொல்வார். பரவாயில்லை என்பேன்.

தம்பி குடும்பமும் இயந்திரமும் மன்னாருக்குப் போய்ச் சேர்ந்தன. இயந்திரத்துக்குத் தேவையான அமோனியா வாயுவைக் கொண்டுபோகப் பாதுகாப்பு அனுமதி கிடைக்கவில்லை. தம்பி இரண்டு வருடம் அதைத் துருப்பிடிக்காமல் துடைத்தான். ஒரு கட்டி ஐஸ் வரவில்லை. சண்டை வந்தது. குடும்பத்தோடு வள்ளத்தில் கடல் கடந்து, விட்டுப்போன அதே முகாமில் போய் இறங்கினான்.

மறுபடி விண்ணப்பித்தோம். ஆபத்தென்றால் ஏன் தானாக ஊர் திரும்பினார் என்று குடிவரவு அதிகாரிகள் கேட்டார்கள். தானாக இல்லை, நான் சொல்லித்தான் போனான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பகிடி, சிரிப்பு எதுவும் இல்லாமல் நான் எழுதிய ஒரே கடிதம் அது. வியாபாரத்துக்காக ஊர் திரும்பியவரை உயிருக்கு அஞ்சியவராக ஏற்க முடியாது என்று பதில் வந்தது.

அதைத் தொலைபேசியில் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன்.

"சரி அண்ணை," என்றான். பிறகு, "மூத்தவளை இஞ்சயே பள்ளிக்கூடத்தில சேர்க்கட்டோ, இல்லாட்டில் பொறுக்கட்டோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எனக்குத் தெரியாது என்றேன். நான் வழக்கம்போலப் பகிடி விடுகிறேன் என்று நினைத்து, மறுமுனையில் சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று சிரித்துக்கொண்டிருந்தான்.