ஈரக் கோணி

எங்கள் ஊர் சப் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ட்ரெய்லர் லாரியில் வெள்ளைப் பெட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக இறக்கியபோது, வேலைக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் போடுகிறார்கள் என்றுதான் நடவு ஆட்கள் நாங்கள் பேசிக்கொண்டோம். ஒன்றுக்கும் ஜன்னல் இல்லையே என்று முதலில் கேட்டது நான்தான். பிறகு தெரிந்தது, உள்ளே இருப்பது முழுக்க பேட்டரியாம். பகலில் சோலாரில் வரும் கரண்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஊருக்கு விடுமாம். சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் போனாலே கம்பி வேலிக்குள் பளிச்சென்று தெரியும்.

அங்கேயே என் வீட்டுக்காரருக்கு செக்யூரிட்டி வேலை கிடைத்தது. பகல் ஷிஃப்ட். நீலச் சட்டை, தொப்பி, கழுத்தில் ஒரு விசில். செங்கல் சூளையில் இடுப்பொடிந்த மனுஷன் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறார் என்றால் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! ஆனால் வாய் சும்மா இருக்காதே. "இன்னாய்யா, பொட்டி ஒன்னும் எழுந்து ஓடலியே?" என்பேன். "நீ வந்து தூக்கினு போவாம இருந்தா சரிமே" என்பார்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு வீடியோ வந்து மண்ணைப் போட்டது. எங்கோ வெளிநாட்டில் இதே மாதிரிப் பெட்டி குபுகுபுவென்று எரிகிறது. ஊரில் எல்லார் போனிலும் அதுதான். நிலத்துக்காரர்கள் ஏரித் தண்ணீர் கெட்டுப்போகும் என்றார்கள். காலனிக்காரர்கள் நாங்கள், புகை எங்கள் பக்கம்தானே வரும் என்றோம். பாதிப் பேருக்கு நாஷ்டா இறங்கவில்லை. எனக்குச் சுத்தமாக இறங்கவில்லை, என் ஆள் அந்த வேலிக்குள் அல்லவா உட்கார்ந்திருந்தார்.

பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் வந்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள், அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

"அவ்வளவு சுலபமா பத்திக்காதும்மா. பத்திக்கிச்சுன்னா எரியிற பெட்டிய அணைக்க மாட்டோம். பக்கத்துப் பெட்டிக்குப் பரவாம தண்ணி அடிச்சுக் குளிர வைப்போம். அது தானா எரிஞ்சு அடங்கணும். அதுல விஷ கேஸ் வரும். சைரன் கேட்டா எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிடணும்."

"எரியறத வுட்டுட்டு வேடிக்க பாப்பீங்களா சார்?" என்று எங்கள் நடவுக்காரி ஒருத்தி கேட்க, கூட்டம் சிரித்தது. அவர் சொன்னதில் எங்கள் மனதில் தங்கியது கேஸ் என்ற ஒரு வார்த்தைதான். எங்களுக்குக் கேஸ் என்றால் சிலிண்டர். சிலிண்டர் தீப்பிடித்தால் ஈரக் கோணியைப் போட்டு மூட வேண்டும் என்று ஏஜென்சிக்காரர்கள் ஒரு தடவை தெருவில் செய்தே காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதானே என்று எழுந்து வந்துவிட்டோம்.

ஒத்திகை நடக்கப்போகிறது என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்களாம். கழனியில் இருந்தவர்களுக்கு அது எங்கே கேட்டது? பத்து மணி வாக்கில் சைரன் அலறியது. கையிலிருந்த நாற்றைச் சேற்றிலேயே போட்டேன். நாற்றுக்கட்டு தூக்க வைத்திருந்த கோணியை வாய்க்காலில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு கோணி. பள்ளிக்கூடம் இருக்கும் திசையில் ஒருத்தியும் போகவில்லை.

கேட்டில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் விசிலை எடுத்து என் மூஞ்சிக்கு நேராக ஊதினார். "போமே! போன்னு சொல்றேன் இல்ல!" என்று கத்தி, கேட்டை இழுத்துச் சாத்தினார். கட்டிய புருஷன் என்னை விரட்டியது அதுதான் முதல் தடவை.

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க ஏம்மா இங்க வந்தீங்க?"

"தீ பத்திகினா வராம பின்ன? எங்க ஊர்ல தீயப் பாத்து எவளும் ஓடுனது இல்ல சார்."

சும்மா சொல்லவில்லை. பெரியவள் என் வயிற்றில் இருந்தபோது எங்கள் கூரை வீடு பற்றிக்கொண்டது. உள்ளே மாட்டிக்கொண்ட என்னை இதே பெண்கள்தான் ஈரக் கோணியோடு புகுந்து இழுத்துப் போட்டார்கள். அன்றைக்கு அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓடியிருந்தால் நானும் இல்லை, என் மகளும் இல்லை. அதைச் சொன்னேன்.

"சரி சார், நாங்க ஓடறோம். இவரு எப்ப ஓடுவாரு?"

"உத்திரமேரூர்ல இருந்து ஃபயர் வண்டி வரணும். கேட்டத் திறந்து வழி காட்ட ஆள் வேணுமே."

"அதுவரிக்கும் இவரு புகையில நிக்கணுமா?"

ஒத்திகை முடிந்தது என்று சொல்லி அவர் எங்களைக் கழனிக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து வேலையை விட்டுவிடு என்று சண்டை போட்டேன். "வுட்டுட்டு? திரும்ப சூளைக்குப் போவட்டா?" என்றார். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு போ என்று எந்த வாயால் சொல்வேன்?

அதற்குப் பிறகு நான் விடவில்லை. கிராம சபையில் எழுந்தேன். இன்ஜினியரின் ஜீப்பை வழியில் மறித்தேன். "பேஜார் புடிச்ச பொம்பள" என்று அங்கே எனக்குப் பேரே வந்துவிட்டதாம், வீட்டுக்காரர்தான் வந்து சொன்னார். மூன்று மாதம் கழித்து, செக்யூரிட்டி ரூமுக்குப் பின்னால் வேலியை வெட்டிச் சின்னதாக இன்னொரு கேட் வைத்தார்கள். சைரன் அடித்தால் பெரிய கேட்டைத் திறந்து போட்டுவிட்டு, அவர் அந்தச் சின்ன வழியில் வெளியேற வேண்டும். வெளியே வந்ததும் நீளமாக விசில் ஊத வேண்டும். விசில் என் யோசனை. விசில் கேட்டால் நான் கேட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

இரண்டாவது ஒத்திகை அடுத்த போகத்துக்குக் களையெடுக்கும்போது வந்தது. சைரன் கேட்டதும் பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினேன். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பினால் நின்றுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் இன்ஜினியர் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் ஆட்கள் திருவிழாவுக்கு வந்த மாதிரி வம்பளந்துகொண்டிருந்தார்கள். விசில் கேட்கவில்லை.

"வாய மூடுங்கடி கொஞ்சம்!" என்று கத்தினேன். அப்போதும் கேட்கவில்லை. ஒத்திகைதான் என்று புத்திக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை, கேட்டுப் பக்கமே திரும்பப் பார்த்தது.

"இன்னாக்கா, கோணிய எடுத்துகினு வந்துட்ட?" என்றாள் பக்கத்தில் நின்றவள். குனிந்து பார்த்தால் என் கையில் களை அள்ளும் கோணி, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது முக்கினேன், சத்தியமாக எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அவர் வரப்பு மேல் நடந்து வந்தார். மூன்று தடவை ஊதினாராம், காற்று எதிர்ப்பக்கம் அடித்ததாம். கிட்டே வந்து என்னையும் கோணியையும் பார்த்தார்.

"நீ கேட்டாண்ட வரவே இல்லியே."

"வரல."

"விசிலு கேட்டுச்சா?"

"கேக்கலய்யா. கேக்காமியே ஓடியாந்துட்டேன். உன்ன வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"அதான் கரெக்ட்டு" என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

இன்ஜினியர் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லிக் கை தட்டினார். ஊரே தட்டியது. நான் ஈரக் கோணியில் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு அழுதேன்.