முன்வரிசை அக்கா

கட்டைவிரலை நெற்றியில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டுத்தான் வருகைப்பதிவு மெஷினில் வைக்கிறாள் அக்கா. ஆயத்த ஆடை ஆலையில் நூல் பிசிறு வெட்டி வெட்டியே ரேகை தேய்ந்த விரல். நெற்றியின் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால்தான் மெஷின் அவளை ஓர் ஆளாக ஒப்புக்கொள்ளும்.

ஆலையை இழுத்து மூடியதும் இந்த இலவசத் திறன் பயிற்சி மையத்துக்கு வந்தவள். தையல், நோயாளி பராமரிப்பு, கம்ப்யூட்டரில் பில் போடுவது என்று இங்குள்ள எல்லாவற்றையும் படித்து முடித்தாகிவிட்டது. எப்போதும் முன்வரிசைதான். கழிப்பறைச் சாவி எங்கே தொங்கும், எந்த நாற்காலிக்குக் கால் ஆடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதும் அவள்தான்.

"அம்மா, இனி ராக்கெட் விடறது ஒண்ணுதான் பாக்கி" என்று மகள் கிண்டல் செய்வாள்.

"அதுக்கும் கோர்ஸ் வந்தா சொல்லுடி, போறேன்."

இருவரும் சிரிப்பார்கள். பிறகு மகள், தான் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகும் பேச்சை எடுப்பாள். "எனக்கு ஒரு வேலை கிடைச்சிடும், கொஞ்சம் பொறுடி" என்று சொல்லிச் சொல்லித்தான் அக்கா அவளைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

இன்று காலை மருந்துக்கடைக்குப் போனாள். பில் போடும் இடத்தில் அவளோடு படித்த பையன் உட்கார்ந்திருந்தான்.

"உங்களைத்தான் முதல்ல கேட்டாங்களாம். நீங்க வேணாம்னுட்டதா சென்டர்ல மேனேஜர் சொன்னாரே, ஏன்க்கா?"

நேராக மையத்துக்கு வந்து மேனேஜர் முன்னால் நின்றாள்.

"நான் எப்ப சார் வேணாம்னு சொன்னேன்?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. நீங்க போயிட்டா அடுத்த பேட்ச்ல ஆள் குறையும். குறைஞ்சா மேலிடத்துல பேட்சையே ரத்து பண்ணிடுவாங்க. உங்கள மாதிரி ஒரு நாள் விடாம வர்றவங்க வேற யாரு இருக்கா?" பாராட்டுகிற முகத்தோடுதான் சொன்னார்.

"வேலைக்குன்னுதானே சார் படிக்க வந்தேன்."

"அடுத்த வேலை உங்களுக்குத்தான். முதல்ல இந்த பேட்ச் ஆரம்பிக்கட்டும். இன்னும் ஒரே ஒரு ஆள் வேணும்."

அக்கா போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பையைப் பக்கத்து நாற்காலியில் போட்டாள்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மகள் வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கினாள். மேனேஜர் வாயெல்லாம் பல்லாக எழுந்தார். அவளோ அவரைத் தாண்டி அக்காவைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, இது படிச்சா நிஜமா வேலை கிடைக்குமா?"

மேனேஜரும் அக்காவைப் பார்த்தார்.

பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு இடம் விட்டாள் அக்கா.