டீசல் சுமக்கும் கிழவி

தண்ணீரில் செய்கிற வேலைகளிலேயே குளிக்கக் குளிக்க அழுக்குப் போகாத வேலை எண்ணெய்க் கப்பல் வேலைதான். பழைய இயந்திரங்களோடு மாரடிக்கும் சக துன்பவாசிகளே, என் கதையைக் கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்காக அவசர அவசரமாகக் கட்டிய சின்ன எண்ணெய்க் கப்பல் அது. போர் முடியும்வரை தாங்கினால் போதும் என்றுதான் கட்டினார்களாம். அது இன்னமும் தேம்ஸ் நதியில் சுற்றுலாப் படகுகளுக்கு டீசல் கொண்டுபோய் ஊற்றுகிறது. நான் அதன் இயந்திர அறை ஆள். நாங்கள் அதைக் கிழவி என்போம். ஆண்டுக்கொரு முறை கிழவிக்கும் பரிசோதனை, எனக்கும் பரிசோதனை. கிழவி அதில் தேறாவிட்டால் உடைக்கக் கொண்டுபோய்விடுவார்கள். அறுபதை நெருங்கும் என்னை அதற்குப் பிறகு யார் வேலைக்கு எடுப்பார்கள்? இந்த முறை அந்தப் பயம் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

வாசம்

வேலை முடிந்து ரயிலில் ஏறினால் எனக்கு எப்போதும் இருக்கை கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே எழும்பிவிடுவார்கள். ஒருநாள் பசி தாங்காமல் டூட்டிங்கில் இறங்கி, வழக்கமான தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குள் நேராக நுழைந்தேன். கொத்து ரொட்டி வாசத்தை என் டீசல் வாசம் அடித்து வீழ்த்திவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரத் தம்பி ஓடிவந்து மெல்லச் சொன்னான்: "குறை நினையாதேங்கோ அண்ணை, நீங்கள் வெளியில நில்லுங்கோ, நான் பாசல் கட்டிக்கொண்டு வாறன்."

மாப்பிள்ளை வீட்டார்

வெம்பிளியில் ஒரு கலியாணம். எனக்குக் கப்பலில் வேலை என்று மனைவி யாரிடமோ சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் சித்தப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார்.

"சிங்கப்பூர், துபாய் எல்லாம் பாத்திருப்பியளே?"

"இல்லை. கூடிப்போனா கிரீனிச், இந்த ஆத்திலதான்."

எங்கிருந்து எண்ணெய் ஏற்றுகிறோம், எந்தப் படகுக்கு ஊற்றுகிறோம் என்று விளக்கினேன். அவர் கண்ணில் இருந்த மரியாதை மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டே விளக்கினேன். கடைசியில் அவர் வடையைக் கடித்தபடி தீர்ப்புச் சொன்னார்: "அப்ப அது கப்பல் இல்லை, தண்ணிக்குள்ள நிக்கிற பெற்றோல் அடிக்கிற செட்."

பொங்கல் துப்புரவு

கிழவியின் பரிசோதனைக்கு முந்தின வாரம் பொங்கல் வந்தது. எங்களோடு வேலை செய்யும் முரளி தூத்துக்குடிக்காரன், நல்ல உழைப்பாளி. பொங்கலுக்கு வீட்டைக் கழுவித் துடைக்கிற கையோடு, பரிசோதனை அதிகாரி வருகிறாரே என்று கப்பலின் அடித்தளத்தையும் துப்புரவாக்க இறங்கினான். மூலையில் அசிங்கமாக ஒரு சிமெந்துக் கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் அடித்துப் பெயர்த்துவிட்டான்.

அந்தக் கட்டிக்குப் பின்னால் தேம்ஸ் நதி காத்திருந்தது. பல வருடங்களுக்கு முன் யாரோ ஓட்டையை அடைத்துப் பூசிய சிமெந்து அது. தண்ணீர் பீறிட்டது. நான் என் ஜாக்கெட்டைக் கழற்றி ஓட்டைக்குள் திணித்து, முதுகைக் கொடுத்து நின்றேன். "சுத்தமா இருக்கட்டும்னு நெனச்சேண்ணே" என்று முரளி அழாத குறை. மரக்கட்டையோடு இறங்கி வந்த எங்கள் முதலாளி பீட்டர் கத்தவில்லை. கட்டையை ஓட்டைக்குள் அடித்து அடைத்துவிட்டு, களைத்துப்போன குரலில் சொன்னார்: "நீ பெயர்த்தது குப்பை இல்லை முரளி, கப்பல்."

சுத்தியல்

கிழவியைக் கரையேற்ற வேண்டியதாயிற்று. இற்றுப்போன தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து உருக்கி ஒட்டினார்கள். பிறகு அதிகாரி வந்தார். ஒவ்வோர் இடமாகச் சுத்தியலால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். அவர் ஓரிடத்தில் இரண்டு முறை தட்டினால் நானும் குனிந்து காதைக் கொடுத்தேன். முரளி கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றான். சுற்றி முடித்த அதிகாரி சுத்தியலைப் பைக்குள் போட்டார்: "அவசரத்தில் கட்டியிருக்கிறார்கள், ஆனால் ஏமாற்றிக் கட்டவில்லை; ஓடட்டும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனிக் கவலையில்லை என்று நினைத்தேன்.

என் முறை

அடுத்த கிழமை நான் வைத்தியப் பரிசோதனைக்குப் போனேன். சம்பிரதாயம்தானே என்று விசில் அடித்துக்கொண்டு போனேன். டாக்டர் சென்னைப் பெண், என் மகள் வயது. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். ஓரிடத்தில் இரண்டு முறை கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் தளர்ந்திருக்கிறது, இனிச் செங்குத்து ஏணியில் ஏறி இறங்குகிற வேலையே கூடாது என்றார்.

"இத்தனை வயசுக் கப்பலே பாஸ் பண்ணிட்டுது பிள்ளை" என்று கெஞ்சிப் பார்த்தேன். தகடு மாற்றிய கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்: "உங்களுக்கு மாத்த என்கிட்ட தகடு இல்லையே அங்கிள்."

ஆக, ஒரு போருக்காகக் கட்டப்பட்ட கிழவி இன்று காலையும் வேலைக்குப் போய்விட்டாள், ஊரில் நடந்த இன்னொரு போருக்குத் தப்பி வந்த நான்தான் கரையேற்றப்பட்டு, டீசல் வாசம் போகக் குளித்துவிட்டு, வீட்டில் சும்மா இருக்கிறேன்.