மேட்டுக்காரரின் மண்

அவளுடைய சரிவு நிலத்தில் பெய்த மழை தங்காது. மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். மிஞ்சியது சரளைக்கல். கொத்தனாராக இருந்து சாரத்திலிருந்து விழுந்து நடக்க முடியாமல் போன கணவர், இரண்டு பெண்பிள்ளைகள். விளைந்த சோளம் நாலு மாதத்துக்குக்கூட வரவில்லை. அவள் பேருந்து ஏறிக் காய்கறிச் சந்தையைப் பெருக்கப் போனாள்.

பெருக்கிய அழுகலைக் குப்பை வண்டியில் கொட்டும்போது ஒருநாள் கை நின்றது. நம் நிலம் பட்டினி கிடக்கிறதே! அன்று ஒரு மூட்டை கட்டிக்கொண்டாள்.

நடத்துனர் மூக்கைப் பொத்தினார். "ஏம்மா, இது பஸ்ஸா, குப்பை வண்டியா?"

"முட்டைக்கோஸ்தாண்ணே. நேத்து வந்திருந்தா நீங்களே வெலை கேட்டிருப்பீங்க."

பேருந்தே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுப் பின்படி ஓரத்தைக் காட்டினார். அன்று முதல் அவள் பெயர் மூட்டைக்காரி.

கணவர் வாசலில் உட்கார்ந்து மூட்டையைக் கவிழ்ப்பார். பிளாஸ்டிக் பை, ரப்பர் வளையம், ஊசி ஒன்று விடாமல் பொறுக்குவார். மிச்சம் சாணத்தோடும் சாம்பலோடும் குழியில் மக்கும். விடியற்காலையில் அவள் நிலத்துக் கல்லையே பொறுக்கிச் சரிவுக்குக் குறுக்கே வரப்பு கட்டினாள். மகள்கள் அப்பாவின் மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து மட்டம் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் ஏழு வரப்பு.

பிறகு இரண்டு நாள் விடாத மழை. வெறித்ததும் போய்ப் பார்த்தால், மேல் வரப்பை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குப் புது மண். பின்னாலேயே மேட்டு நிலத்துக்காரர் வந்து நின்றார்.

"இது என் மண்ணு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அண்ணாந்து பார்த்தாள். அவர் நிலத்தில் பாறை எலும்பாகத் துருத்திக்கொண்டிருந்தது.

"உங்களுதுதாண்ணே. அள்ளிக்கிட்டுப் போங்க."

நாலு கூடை சுமந்து ஏறியவர் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த மழைக்கு மறுபடி எங்கிட்டதான் வரும்," என்றாள். "கடப்பாரை இருக்கா?"

மறுவாரம் இரண்டு குடும்பங்களும் மேட்டில் கல் அடுக்கின. அந்த வருடம் அவள் வீட்டுச் சோளம் ஒன்பது மாதத்துக்கு வந்தது. மேட்டுக்காரர் அவள் கணவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய்த் தன் புது வரப்பின் முன் வைத்தார். விழுந்த பிறகு அவர் வயலுக்குள் வந்தது அன்றுதான். பாராட்டுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "அந்த மூலை ரெண்டு விரல் எறங்கியிருக்கு. பிரிச்சுக் கட்டுங்க."

முனகிக்கொண்டே பிரித்தார்கள்.